மருந்துக் கவரில் ஓர் அட்டை

“அக்கா, கதவு ஏன் எங்க அம்மாவை மட்டும் இடிக்குது?”

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. கேட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. இன்று நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாக இருப்பவர், அன்றைக்கு ஆசிரியை இல்லை. விபத்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன நர்ஸ். சிறுமியின் அம்மாவுக்கு டாக்டர் புருவத்தில் நாலு தையல் போட்டு முடித்திருந்தார். கதவு இடித்துவிட்டது என்று சொன்னது அம்மா இல்லை, கூட வந்திருந்த அப்பா. அதையே பதிவேட்டில் எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“இரு கண்ணு, அப்புறம் சொல்றேன்” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சிறுமி அதை அப்படியே நம்பி, வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு, அக்கா எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து ஆசிரியை திரும்பி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

சொல்லாமல் விட்ட அந்தப் பதில் அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தெய்வ நம்பிக்கை உள்ளவர். கை கழுவும்போதெல்லாம், “ஆண்டவனே, என் கையால யாருக்கும் வலி கூடாம பாத்துக்கோ” என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். சொல்லும்போதெல்லாம், ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்களும் கண்ணுக்குள் வந்து போகும்.

பிறகு நர்சிங் கல்லூரிக்குப் பாடம் சொல்லித்தர வந்தார். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களை எப்படிக் கேட்பது, எப்படிக் கவனிப்பது என்று மாணவிகளுக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும் என்று இரண்டு வருஷம் முதல்வரின் அறைக்கு நடையாய் நடந்தார். கடைசியில் முதல்வர் நாலு பிற்பகல்கள் ஒதுக்கிக் கொடுத்தார்.

“ஆனா மார்க் வச்சிடுங்க. மார்க் இல்லேன்னா அந்த நேரத்துல பொண்ணுங்க நல்லாத் தூங்குவாங்க” என்றார்.

ஆசிரியை வைத்தார். தனியாகப் பேசினால் ஐந்து. பழி போடாமல் கேட்டால் ஐந்து. சொன்னதை நம்பினால் ஐந்து. அட்டை கொடுத்தால் ஐந்து. உள்ளங்கையில் அடங்கும் அந்த அட்டையை அவரே பார்த்துப் பார்த்து அச்சடித்திருந்தார். ‘வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா?’ என்று பெரிய சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே உதவி மையத்தின் தொலைபேசி எண். கண்ணில் படட்டும் என்றுதான் சிவப்பு.

மாணவிகள் இருபத்திரண்டு பேர். ஆசிரியைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘கடிகாரம்’. மார்பில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரம் ஒரு காரணம். பாடத்தை ஒரு நிமிஷம் முன்னால் தொடங்கியதும் இல்லை, பின்னால் முடித்ததும் இல்லை என்பது இன்னொரு காரணம். இது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அந்த இருபத்திரண்டு பேரில், கேள்வி முடிவதற்குள் பதிலோடு எழுந்து நிற்கும் ஒருத்தியை மற்றவர்கள் முந்திரிக்கொட்டை என்று கூப்பிட்டார்கள். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

பயிற்சி அறையில் நடித்துப் பார்த்த அன்று, உயரமான மாணவி ஒருத்தி கண் மையால் மீசை வரைந்துகொண்டு கணவனாக வந்தாள். முந்திரிக்கொட்டை நர்ஸ்.

“சார், கொஞ்சம் வெளியே இருங்க.”

“முடியாது. என் பொண்டாட்டி பக்கத்துலதான் நான் இருப்பேன்.”

“சார், ப்ளீஸ்.”

“சாரும் கிடையாது, மோரும் கிடையாது. ஒரு அடி நகர மாட்டேன்!” என்று மீசையை முறுக்கப் போக, மை கன்னம் வரை இழுபட்டுவிட்டது. வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது.

ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்தொன்பது பேர் பாக்கி. “கதையை வளக்காதேம்மா, நேரமில்ல. நீ வெளியே போ” என்றார். மீசை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போயிற்று. முந்திரிக்கொட்டை மிச்சத்தைக் கடகடவென்று முடித்து இருபதுக்கு இருபது வாங்கினாள்.

பிசகியது அந்த இடத்தில்தான். ஆனால் அது அவருக்கு அன்று உறைக்கவில்லை.

அடுத்த வாரம் மாணவிகளைப் பெண்கள் வார்டுக்கு அனுப்பினார்கள். முந்திரிக்கொட்டைக்கு வந்தது ஒன்பதாம் படுக்கை. முப்பதைத் தாண்டாத பெண். மணிக்கட்டில் மாவுக்கட்டு, காதுக்கு மேலே ஐந்து தையல். படியில் உருண்டு விழுந்துவிட்டாள் என்று கணவன் சொல்லியிருந்தான். மூன்று நாளாக அவன் கட்டிலை விட்டு அசையவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்தாலும் போகமாட்டான்; பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பான், வார்டு சிஸ்டருக்குத் தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றித் தருவான். அதனால் யாருக்கும் அவனைப் போகச் சொல்ல மனசு வரவில்லை.

“தங்கமான மனுஷன். எனக்கு வாச்சது இருக்கே, நான் செத்துக் கிடந்தாலும் எழுந்து டீ போடுன்னு எழுப்பும்” என்பாள் தரை துடைக்கும் ஆயாம்மா.

முந்திரிக்கொட்டை மட்டும் வேறொன்றைப் பார்த்திருந்தாள். உடம்பு துடைத்துவிடும்போது, அந்தப் பெண்ணின் மேல்கையில் மஞ்சள் பூத்துப்போன பழைய தடங்கள். நாலு விரல் பதிந்த மாதிரி. காலையிலேயே வந்து ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியையும் பார்த்தார். எப்படியாவது தனியாகப் பேச வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அன்று நாலு மணிக்கு அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

மூன்றேகாலுக்கு முந்திரிக்கொட்டை முகமெல்லாம் வெளிச்சமாக வந்து நின்றாள்.

“மேடம், ஒன்பதுக்கு அட்டை குடுத்தாச்சு!”

“தனியாப் பேசினியா?”

“எங்க மேடம் விடறாரு அந்த ஆளு! திரை போட்டா திரைக்கு அந்தப் பக்கமே நிக்கிறாரு. அதான் மருந்துக் கவர்ல, மாத்திரைக்கு நடுவுல செருகிட்டேன். வீட்டுக்குப் போய் மாத்திரை எடுக்கறப்போ அவங்க கண்ணுல பட்டுடும்ல?”

“கவர் இப்ப யார்கிட்ட இருக்கு?”

முந்திரிக்கொட்டை மெல்லத் திரும்பி ஒன்பதாம் படுக்கையைப் பார்த்தாள். கணவனின் சட்டைப் பையிலிருந்து பழுப்புக் காகிதக் கவர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாத்திரை எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று அவன் காலையில் சொன்னதை இருவருமே கேட்டிருந்தார்கள்.

“மேடம்…” முந்திரிக்கொட்டைக்கு அழுகை வந்துவிட்டது. “அவர் பாத்தா, இவங்கதான் நம்மகிட்ட சொல்லிட்டாங்கன்னு நினைப்பாருல்ல? வீட்டுக்குப் போனதும்… நான் அந்த அஞ்சு மார்க்குக்காக…”

“அந்த அஞ்சு மார்க்கை வச்சது யாரு?” என்றார் ஆசிரியை. குரலில் கோபம் இல்லை. “அழறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல அட்டை வெளியே வரணும்.”

மருந்து மாறிவிட்டது என்று சொல்லிக் கவரை வாங்கிவிடலாம். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது அந்தப் பொய். ஆனால் மருந்து மாறியதென்றால் அவன் சும்மா இருப்பானா? வார்டையே கூட்டுவான். ஆசிரியை கண்ணை மூடி ஒரு கணம் ஆண்டவனைக் கூப்பிட்டார். திறந்தபோது எதிரே சுவரில், வெயில் பட்டு வெளுத்த ஒரு தாள் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியவை. மூன்றாவது வரி: மருந்துகளை நோயாளியிடம் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்க வேண்டும். ஐந்தாவது வரி: எடை பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டையும் அந்த வார்டில் யாரும் செய்து பார்த்து எத்தனையோ மாதமாகிறது. கவரைக் கையில் கொடுத்தால் ஆயிற்று, எடைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் ஆயிற்று.

பொய்யே வேண்டாம், செய்யாமல் விட்ட வேலையைச் செய்தாலே போதும் என்று அவருக்குத் தோன்றியது. தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முந்திரிக்கொட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

“சார், மாத்திரையை விளக்கிச் சொல்லிட்டுத்தான் அனுப்பணும். கவரைக் குடுங்க.”

“எனக்குச் சொல்லிட்டாங்க மேடம். நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துப்பீங்க சார். முழுங்கப்போறது அவங்கதானே?”

எட்டாம் படுக்கைக்காரி களுக்கென்று சிரித்தாள். நாலு பேர் முன்னால் நல்லவனாக இருப்பதில் குறை வைக்காதவன் அவன். தானும் சிரித்துக்கொண்டே கவரை எடுத்துக் கொடுத்தான்.

ஆசிரியை கவரின் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “இது வலிக்கு. சாப்பிட்ட பிறகு.” முதல் மாத்திரைப் பட்டை தட்டுக்கு வந்தது. “இது புண் சீழ் பிடிக்காம இருக்க. காலையில ஒண்ணு…” இரண்டாவது மாத்திரைப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்து அட்டையும் வெளியே வந்துவிட்டது. நல்லவேளையாக எழுத்துப் பக்கம் கீழே. வெள்ளைப் பக்கம் மேலே.

“அதென்னது?” என்றான் கணவன்.

ஆசிரியையின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. இருபத்தெட்டு வருஷ அனுபவம் அந்த ஒரு விநாடியில் கை கொடுக்கவில்லை.

“அய்யோ, அது என்னோடது மேடம்!” முந்திரிக்கொட்டை குறுக்கே பாய்ந்து அட்டையை எடுத்து மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். “வகுப்பு அட்டை. தப்பா வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. “எதை எங்க வைக்கணும்னு தெரியாதா? மூணு வருஷமா என்னத்தைப் படிச்சே?” என்று ஆசிரியை சத்தம் போட்டார். அந்தக் கோபத்தில் பாதி நிஜம். அதுவும் தன் மேலேயே.

“விடுங்க மேடம், சின்னப் பொண்ணு” என்றான் கணவன் பெருந்தன்மையோடு. “எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கப் போகுது. இதுக்குப்போய் கோவப்படலாமா?”

படுத்திருந்த பெண் அப்போதுதான் முதல் முறையாக ஆசிரியையின் முகத்தை நேராகப் பார்த்தாள். தாழப் படுத்திருந்தவளுக்கு அட்டையின் கீழ்ப்பக்கம் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு எழுத்து அல்லவா?

“எடை பாக்கணும்” என்றார் ஆசிரியை. “எழுந்து வாங்கம்மா.”

எடை மெஷின் வராந்தாக் கடைசியில், பெண்களுக்குக் கட்டு மாற்றும் அறையில் இருந்தது. முந்திரிக்கொட்டை தோள் கொடுக்க, அந்தப் பெண் நடந்தாள். கணவனும் எழுந்து பின்னால் வந்தான். வராந்தாவில் ஆயாம்மா அவனைப் பார்த்தாள்; ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள்; முந்திரிக்கொட்டையின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். பிறகு வாளித் தண்ணீரை அவனுக்கு முன்னால் தாராளமாகக் கவிழ்த்தாள்.

“காலை வச்சிடாதீங்க தம்பி, வழுக்கும். படியில விழுந்தவங்க ஒருத்தரே போதும் உங்க வீட்ல.”

அவன் நின்றுவிட்டான்.

முந்திரிக்கொட்டை வாசலில் காவலுக்கு நின்றுகொண்டாள். ஆசிரியை கதவைச் சாத்தினார். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை அவரே தயாரித்து மாணவிகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட தனியாப் பேசணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். சொல்லியே ஆகணும்னு இல்ல. இந்தக் காயம் யாராவது செஞ்சதாம்மா?”

அந்தப் பெண் மெஷின் மேல் ஏறி நின்று, முள் ஆடி அடங்குவதையே பார்த்தாள்.

“எங்க வீட்ல படியே கிடையாதும்மா” என்றாள். “தரைத்தளம். வாசல்லகூட ஒரு படி இல்ல. மூணு நாளா எல்லாரும் படி படின்னு எழுதறாங்க. எந்தப் படின்னு யாரும் என்னைக் கேக்கல.”

ஆசிரியைக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை அவளிடம் காட்டுவது அவளுக்கு இன்னொரு சுமை என்று அடக்கிக்கொண்டார். “நான் நம்பறேன்” என்றார். “உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இன்னைக்கே வீட்டுக்குப் போகாம இருக்கவும் வழி இருக்கு.”

“இன்னைக்கு வேணாம். பொண்ணு வெளியே பெஞ்சுல இருக்கா. அவ பள்ளிக்கூடக் காகிதம், என் அடையாள அட்டை எல்லாம் வீட்ல. போட்டது போட்டபடி ஓடினா ரெண்டே நாள்ல திரும்பி வரணும். ஒருதரம் அப்படி வந்திருக்கேன்.”

“இன்னைக்கு ராத்திரி பயம் இல்லையா?”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டுப் போனா ஒரு வாரம் தங்கமா இருப்பாரு. எனக்கு அந்த ஒரு வாரம் போதும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்த அட்டையில ஒரு நம்பர் இருந்துச்சே. எழுதிக் குடுக்காதீங்க, வாயால சொல்லுங்க.”

ஆசிரியை சொன்னார். அவள் ஒருமுறைதான் கேட்டாள். பிறகு அதைக் கடைசி எண்ணிலிருந்து முதல் எண் வரை தலைகீழாகவே ஒப்பித்துக் காட்டினாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி பார்சல் ஆபீஸ்ல இருந்தேன். நம்பர்னா அப்படியே பதிஞ்சிடும்” என்றவள் சட்டென்று சிரித்தாள். “எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுன்னு அவரு ஊர் பூரா சொல்லி வச்சிருக்காரு. இருக்கட்டும்.”

நாள் விட்டு நாள் கட்டு மாற்ற இதே அறைக்கு வர வேண்டும், ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், அடுத்த முறை உதவி மையத்து அம்மா இங்கேயே உட்கார்ந்திருப்பார் என்று ஆசிரியை சொன்னார். கேஸ் ஷீட்டில் உண்மையை எழுதலாமா, அது இங்கேயேதான் இருக்கும், அவன் கைக்குப் போகாது என்றும் கேட்டார்.

“எழுதுங்க” என்றாள் அவள். “என்னைக்காவது வேண்டியிருக்கும்.”

எழுதினார். ‘நோயாளி தனியாகச் சொன்னது’ என்று தொடங்கி, அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினார். எடைக் கட்டத்தில் நாற்பத்து மூன்று என்று குறித்தார்.

வெளியே வந்ததும் முந்திரிக்கொட்டையிடம் மதிப்பெண் தாளை நீட்டி, “அந்த நாலாவது வரியை நீயே அடிச்சிடு” என்றார். “அடுத்த வாரம் எல்லாரும் மறுபடி நடிக்கணும். வெளியே போக மாட்டேன்னு சொல்ற புருஷனோட.”

“மீசைக்காரி சந்தோஷப்படுவா மேடம்” என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கையெழுத்து வாங்கக் கணவன் கீழே அலுவலகத்து வரிசைக்குப் போனான். அந்தப் பெண் உடை மாற்ற முந்திரிக்கொட்டை உதவிக்கொண்டிருந்தாள். ஆயாம்மா வாளியோடு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். மணி நாலாக இரண்டு நிமிஷம். கல்லூரியில் அடுத்த வகுப்பு நாலு மணிக்கு. ஆசிரியை வேகமாக நடந்தார்.

வராந்தா பெஞ்சில் ஒரு சிறுமி பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். மடியில் தண்ணீர் பாட்டில். கால் தரைக்கு எட்டவில்லை.

ஆசிரியை அவளைக் கடந்து நாலு அடி போனார். நின்றார். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிறுமி அவரையே கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “ஏன் உங்க வாட்ச் தலைகீழா இருக்கு?” என்றாள்.

“குனிஞ்சு பாத்தா எனக்கு நேராத் தெரியும். கையில கட்டினா கை கழுவ முடியாது, அதான் இங்க.” ஊக்கைக் கழற்றி அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். சிறுமி அதைக் காதில் வைத்துக் கேட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முள் நாலைத் தாண்டியது. ஆசிரியை அசையவில்லை.

“நான் சோறு வேணாம்னு அழுதேன்” என்றாள் சிறுமி கடிகாரத்திடமே சொல்வதுபோல. “அதனாலதான் அம்மாவுக்கு அடிபட்டுச்சா?”

குழந்தை வீட்டில் போய்ச் சொன்னாலும் யாருக்கும் ஆபத்து வராத பதிலாக இருக்க வேண்டும். ஆனால் பொய்யாக இருக்கக் கூடாது. ஆசிரியை அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“இல்ல கண்ணு. உன்னால இல்ல. நீ அழுததால இல்ல, நீ செஞ்ச எதனாலயும் இல்ல.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

சிறுமி யோசித்தாள். தலையாட்டினாள். பிறகு கடிகாரத்தை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டு கால்களை ஆட்டத் தொடங்கினாள். வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

அம்மா வந்து கூப்பிடும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை முதலில் விலகிப் போனது ஆசிரியை அல்ல.